எனக்கே கணக்கு வராது சார்

"எனக்கே கணக்குன்னா ஆகாது சார், இவனுக்கு மட்டும் எங்க வரப்போகுது?" பெற்றோர் கூட்டத்துக்கு வருகிற பலர் இதைச் சொல்லிக்கொண்டேதான் உட்காருகிறார்கள், அதுவும் பையனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே. பையனும் சிரிக்கிறான். சிரிக்க மாட்டானா பின்னே, கணக்கு வராவிட்டால் பரவாயில்லை என்று வீட்டிலேயே சொல்லியாகிவிட்டதே!

திருப்பூர்ப் பக்கம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எங்கள் பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் பனியன் கம்பெனியில், ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு சேர எட்டரை ஒன்பது ஆகிவிடும். அவர்களிடம் போய் "பிள்ளைக்கு முக்கோணவியல் சொல்லிக் கொடுங்கள்" என்று யாராவது அறிவுரை சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அது என் வேலை, அதற்குத்தான் சம்பளம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் நான்சி ஹில், டயானா டைசன் என்ற இருவர் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஏராளமான ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதால் மார்க் ஏறியதாக அதில் தெரியவில்லை. படித்து என்ன ஆகப்போகிறாய், இந்தப் பாடம் எதற்கு உதவும் என்று பிள்ளையோடு பேசுவதற்குத்தான் மார்க்கோடு வலுவான தொடர்பு இருந்தது. 2015-ல் இன்னொரு ஆய்வு, அது ஒன்றாம் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை வைத்து: கணக்கைக் கண்டாலே பதறுகிற பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்துக்கு உதவினால், அந்த வருடம் குழந்தை கற்கும் கணக்கு குறைந்துதான் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கே அப்படி.

சரி, கணக்குத் தெரியாத அம்மா என்னதான் செய்ய முடியும்? போன அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒரு அம்மா வந்தார். பையன் 38. திட்டவில்லை, பேப்பரைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "ஏனுங்க சார், எதுல மார்க்கு போகுதுங்க?" என்று கேட்டார். காட்டினேன். ஐந்து மதிப்பெண் கேள்விகளில் வழிமுறைக்கு மூன்று, நான்கு என்று வாங்கியிருந்தான், கடைசியில் மைனஸை விட்டுவிட்டு விடை தப்பு. வடிவியல் கேள்விக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு, ஆக நூற்றுக்குப் பதினாறு மார்க் கையால் வரைந்தே வாங்கலாம். இவனுக்கு வடிவியலில் இரண்டுதான். ஏனென்றால் காம்பஸில் ஸ்க்ரூ லூஸ், வில் இழுக்கும்போதே விரிந்துவிடுகிறது. அன்று சாயங்காலமே புது ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். அப்புறம் தினமும் ராத்திரி, "இன்னைக்கு எந்தக் கணக்குப் போட்ட, எனக்குச் சொல்லு" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாராம். அவருக்கு ஒன்றும் புரியாது என்று பையனே சொல்கிறான். ஆனால் அம்மாவுக்குச் சொல்லும்போது மைனஸ் எங்கே போச்சு என்று இவனுக்கே தெரிந்துவிடுகிறதாம்.

பள்ளிகள் பக்கமும் தப்பு இருக்கிறது. கூட்டத்தை வேலை நாளில் மதியம் மூன்று மணிக்கு வைத்துவிட்டு "பெற்றோருக்கு அக்கறையே இல்லை" என்று புலம்புகிறோம். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துப் பாருங்கள். வந்தவர்களிடம் ரேங்க் கார்டை நீட்டிக் கையெழுத்து மட்டும் வாங்காமல் விடைத்தாளையும் கொடுங்கள்.