கார்ட்டூனுக்குத் தமிழ் வேர் இல்லீங்க

அண்ணா, 'கருத்து + ஊன்று'தான் கார்ட்டூன் ஆச்சுன்னு நீங்க போட்டதுக்கு லைக் குவியுது, ஆனா அது தப்புங்க. ஓசை ஒத்துப்போனா ஆதாரம் ஆயிடாது. இத்தாலிய மொழியில 'கார்த்தா'ன்னா தாள். 'கார்த்தோனே' தடிச்ச தாள், அட்டை. சுவரோவியம் தீட்டறவங்க முதல்ல கெட்டித் தாள்ல முழு அளவுக்கு வரைஞ்சு, கோட்டு மேலயே ஊசியில பொடிப்பொடியா ஓட்டை போட்டு, துணியில முடிஞ்ச கரித்தூளை அது மேல தட்டுவாங்க. சுவத்துல புள்ளி புள்ளியா படம் இறங்கிடும். அந்த வரைவுக்குத்தான் முதல்ல இந்தப் பேரு. சிரிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

கேலி ஒட்டிக்கிட்டது 1843-ல. லண்டன் நாடாளுமன்றப் புதுக் கட்டடத்துச் சுவரோவியங்களுக்கான வரைவுகளைக் கண்காட்சியா வெச்சாங்க. அதைக் கிண்டலடிச்சு, ஜான் லீச் வரைஞ்ச படத்துக்குப் 'பஞ்ச்'ங்கிற நகைச்சுவை இதழ் 'கார்ட்டூன் எண் 1'னு பேரு போட்டுச்சு. அதோட அந்த அர்த்தம் நிலைச்சிடுச்சு.

திருப்பூர்ல பனியன் அடுக்கி எக்ஸ்போர்ட்டுக்கு ஏத்தற கார்ட்டன் பெட்டி இருக்குதுங்களே, அதுவும் இதே கார்த்தோனேதான், பிரெஞ்சு வழியா வந்தது. 'கருத்துப்படம்'ங்கிறது கார்ட்டூனுக்கு நாம பின்னாடி வெச்ச தமிழ்ப் பேருங்க; குழப்பம் அங்கதான் ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கறேன்.