நூற்றுக்கு எத்தனையை வலை பிடிக்கிறது?

யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கம் போனால் ஒரே கதைதான்: "பரவைக்கடலில இப்ப இறால் இல்லைத் தம்பி, எல்லாம் போச்சு." கடற்றொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் அதுதான், கச்சேரி (மாவட்டச் செயலகம்) கூட்டத்திலும் அதுதான். குறைந்துவிட்டது என்று நானும் நம்புகிறேன். ஆனால் முன்பு எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று யாராவது கேட்டால் நாங்கள் நீட்டுவது பிடிபட்ட கிலோக் கணக்கை மட்டும்தான். தண்ணீருக்குள் இருப்பதில் எத்தனை பங்கை எங்கள் வலை பிடிக்கிறது என்று அளந்து பார்க்காமல், பரவைக்கடல் என்று நாங்கள் சொல்லும் யாழ்ப்பாணக் கடனீரேரிக்கு எந்தத் திட்டமும் போடக்கூடாது. இதை உறுதியாகவே சொல்கிறேன்.

கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கூடும் கழிமுகத்தில் இந்த வேலையைப் பல்லாண்டுகளாகச் செய்கிறார்கள். ஆற்றில் பொரித்த சினூக் சால்மன் மீன் குஞ்சுகள் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. அதே கழிமுகத்திலிருந்துதான் ராட்சதப் பம்புகள் வயல்களுக்கும் தெற்கு நகரங்களுக்கும் தண்ணீர் இறைக்கின்றன. எத்தனை குஞ்சு வருகிறது என்று தெரிந்தால்தான் பம்பை எப்போது மட்டுப்படுத்துவது என்று முடிவெடுக்கலாம். குளிர்காலத்தில் ஆறேறும் சினூக் வகை 1994 முதல் அமெரிக்க மத்திய அரசின் அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் இருக்கிறது. ஆகவே பிழையான எண்ணுக்கு விலை அதிகம்.

கழிமுகத்தின் கடைவாயில், சிப்ஸ் தீவுக்குப் பக்கத்தில், ஒரு இழுவைக்கு 20 நிமிடம் என்று நாளொன்றுக்குப் பத்து இழுவை வரை வலை இழுக்கிறார்கள். கடந்துபோகும் குஞ்சுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட அந்த வலையில் விழுவதில்லை. அது அவர்களுக்கே தெரியும். அளந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

அளக்கும் விதம் இதுதான். மேலாற்றில் குஞ்சு பிடிக்கும் பொறி வைத்திருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சாயம் ஏற்றிய 1,000 குஞ்சுகளை விடுகிறார்கள் என்று வையுங்கள். அவற்றில் 20 திரும்பப் பொறியில் அகப்பட்டால், பொறி பிடிப்பது நூற்றுக்கு இரண்டு. அன்றைக்குச் சாயமில்லாத 300 குஞ்சு விழுந்திருந்தால், கடந்துபோனவை ஏறக்குறைய 15,000. இருபதுக்குப் பதில் பத்துத்தான் திரும்பியிருந்தால் அதே 300 குஞ்சுக்கு மொத்தம் 30,000 ஆகிவிடும். பொறியில் விழுந்தது மாறவில்லை, மதிப்பீடு மட்டும் இரண்டு மடங்காகிறது.

அதனால்தான் அவர்கள் ஒற்றை எண்ணோடு நிற்பதில்லை, இதற்கும் இதற்கும் இடையில் என்று எல்லை போட்டுச் சொல்கிறார்கள். வெள்ளம் பெருகினால் வலை பிடிக்கும் பங்கு மாறும், தண்ணீர் கலங்கினாலும் மாறும், குஞ்சு வளர்ந்து நீந்தத் தெரிந்துகொண்டால் இன்னும் மாறும். சாயம் ஏற்றி விடும் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்ததாக இருந்தால், அது ஆற்றில் பிறந்தது போலவே நடக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. போதாக்குறைக்கு, சினூக்கில் நாலு வகை. குஞ்சாக இருக்கும்போது கண்ணால் பார்த்து வகை பிரிப்பது கஷ்டம், நீளத்தை வைத்துப் பிரித்தால் பிழையாகும், மரபணுச் சோதனைதான் தீர்ப்புச் சொல்லும்.

எங்கள் இறால் எதிர்த்திசைப் பயணி. கடலில் பொரித்த குஞ்சு உள்ளே வந்து, வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போகிறது. ஆனால் கேள்வி ஒன்றேதான். தொண்டைமானாற்றில் கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கதவுகளை எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்று கமக்காரரும் கடற்றொழிலாளரும் முட்டுப்படும்போது, கதவுக்கு வெளியே எத்தனை குஞ்சு நிற்கிறது என்று சொல்ல ஒருவரிடமும் எண் இல்லை. கதவைத் திறக்காமல் விட்டால் எவ்வளவு நட்டம் என்று எதை வைத்து வாதாடுவது?

இந்த அளவை முறை பெருநதிகளுக்கு மட்டும் உரியது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1896இல் டென்மார்க்கின் மீனியலாளர் பீட்டர்சன் மீனுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்தது லிம் ஃபியோர்ட் என்ற ஆழமில்லாத கடனீரில், வெளிக்கடலிலிருந்து உள்ளே வரும் தட்டைமீன் குஞ்சுகளைப் பற்றி. எங்கள் பரவைக்கடலுக்கு இதைவிடக் கிட்டிய முன்மாதிரி வேறென்ன வேண்டும்?

வலையும் எங்களிடம் இருக்கிறது. சிறகுவலை தடி ஊன்றி ஒரே இடத்தில் நிற்கிறது. விடியப்புறம் கூட்டை வள்ளத்துக்குள் கொட்டி, கூனியை ஒரு பக்கம், பெரிய இறாலை ஒரு பக்கம், ஒட்டி, திரளி மீன்களை இன்னொரு பக்கம் என்று கை பார்க்காமலே பிரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கையோடு ஒரு கொப்பியும் கொஞ்சம் அடையாளமிட்ட இறாலும் சேர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். இறால் ஓடு கழற்றுவதால் வெளியே பூசின சாயம் நிற்காது, ஊசியால் உள்ளே ஏற்ற வேண்டும். இது பல்கலைக்கழகக் கடற்றொழில் மாணவர்கள் செய்யக்கூடிய வேலை.

பெரிய சிக்கல் நம்பிக்கையில்தான் இருக்கிறது. "கணக்கெடுத்துப்போட்டு வலையைத் தடை செய்யப் போறாங்கள்" என்று நினைக்கும் அண்ணை, அகப்பட்ட சாய இறாலைக் காட்டமாட்டார். திரும்பி வந்தது குறைவு என்று பதிவாகும். குறைவாகத் திரும்பினால் கணக்கு, கடலில் இறால் நிறைய இருக்கிறது என்று சொல்லும். பயத்தில் ஒளித்தவரே தன் கடல் செழிப்பாக இருக்கிறது என்று சாட்சி சொன்னதாக முடியும். ஆகவே ஊசியும் சாயமும் வாங்க முதல் சங்கங்களோடு இருந்து பேசுங்கள். காட்டும் ஒவ்வொரு சாய இறாலுக்கும் சந்தை விலைக்கு மேல் காசு கொடுங்கள். எண் வந்ததும் கச்சேரிக்குக் கொண்டுபோக முதல் அதைக் குருநகர்க் கரையில் வாசித்துக் காட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் இந்தப் பேச்சு நடக்க வேண்டும்.