கோரக்பூர் சொன்னதும் 2019 சொன்னதும்

"இடைத்தேர்தலில் தோற்ற ஆளுங்கட்சி அடுத்த பொதுத்தேர்தலில் வீட்டுக்குப் போகும், இது வரலாறு" என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்லியிருக்கிறார். எந்த வரலாறு?

2018 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர், பூல்பூர் மக்களவைத் தொகுதிகளின் இடைத்தேர்தல்களில் பாஜக தோற்றது. ஒன்று முதல்வர் யோகி ஆதித்யநாத் விட்டுச்சென்ற தொகுதி, மற்றது துணை முதல்வர் மௌரியா விட்டுச்சென்றது. மே மாதம் அதே மாநிலத்தின் கைரானா தொகுதியும் போயிற்று. மோடி அலை ஓய்ந்தது என்று அன்று எழுதாத ஆளில்லை. மறு ஆண்டே இந்த மூன்றையும் பாஜக மீட்டது. உத்தரப் பிரதேசத்தில் 62 இடங்கள், நாடு முழுவதும் 303. கோரக்பூரில் சமாஜ்வாதி சின்னத்தில் வென்ற பிரவீண் நிஷாத், 2019இல் பாஜக வேட்பாளராகவே வேறு தொகுதியில் வென்றார் என்பது இதில் தனி வேடிக்கை.

காரணம் எளிது. அந்த இடைத்தேர்தல்களில் வாக்குப்பதிவு 2014ஐவிடக் குறைவு. பிரதமர் யார் என்ற கேள்வியும் அங்கே இல்லை. எரிச்சலைக் காட்டிவிட்டு வர வாக்காளருக்கு அதிகச் செலவில்லை.

1973 திண்டுக்கல் இடைத்தேர்தலை நீங்கள் எடுத்துக்காட்டலாம். அதிமுக அங்கே வென்றது, 1977இல் ஆட்சியையும் பிடித்தது. உண்மைதான். ஆனால் 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் வென்றார், திமுக டெபாசிட் இழந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் திமுக அணி தமிழகத்தை அள்ளியது, தினகரன் கட்சிக்கு ஓரிடமும் இல்லை. பலித்ததை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு அதை விதி என்பது சரியில்லை.