பதில் முந்திக்கொள்ளும் காது

பென்னாகரம் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் நன்றாகப் பேசுபவர் என்று பெயர் வாங்கினேன். நன்றாகக் கேட்பவர் என்று ஒருவரும் சொன்னதில்லை. அது ஒரு குறையென்று அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

2014ஆம் ஆண்டு எட்டாம் வகுப்பில் படித்த ஒரு மாணவன், என்ன கேட்டாலும் தலையைக் குனிந்து, இடது கையால் வாயை மூடிக்கொண்டே பதில் சொல்வான். பாதிச் சொற்கள் உள்ளங்கைக்குள்ளேயே நின்றுவிடும். "வாயில் கொழுக்கட்டையா? கையை எடு" என்று நான் அதட்ட, வகுப்பே சிரித்தது. சில மாதங்கள் கழித்து, வராந்தாவில் அவனிடம் வேறு எதையோ விசாரித்துவிட்டு, மேற்கொண்டு பேச எதுவும் இல்லாமல் சற்று நேரம் சும்மா நின்றேன். அந்த மௌனத்தில் அவனாகவே சொன்னான்: "பல்லு கறையா இருக்குங்க சார். எவ்வளவு தேச்சாலும் போகல."

எங்கள் தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பதும், நிலைப்பற்கள் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த குழந்தையின் பல்லில் ஏறிய கறை தேய்த்துப் போகாது என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. இதற்குத் தீர்வாக வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டபோது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பு உட்பட அனைத்தையும் இறைவணக்கக் கூட்டத்தில் கால் மணி நேரம் விளக்கியவன் நான்தான். அதே ஃப்ளோரைடு ஒரு சிறுவனின் கைக்குப் பின்னால் என் எதிரில் நின்றபோது, எனக்கு அது திமிராகத் தெரிந்தது.

வினவுவதற்கும் செவிமடுப்பதற்கும் தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல்தான்; நான் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டவன். பதவிக்கு வந்தவர்களுக்குக் காது மந்தமாவதில்லை, பதில் முந்திக்கொள்கிறது என்பதே என் கருத்து. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். எங்கள் குழுவில் ஒரு தாய், "கூலிக்குப் போற நாள்ல கூட்டம் வெச்சா யாரு சார் வருவாங்க?" என்றார். "பிள்ளையைவிடக் கூலி பெரிதா?" என்று நான் மடக்கினேன். சிலர் தலையாட்டினார்கள். அந்த அம்மா அதன்பிறகு கூட்டத்திற்கு வரவே இல்லை.

தகடூர் என்ற பழைய பெயரில் இதே தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் பாடியது புறநானூற்றின் 92ஆம் பாட்டு. குழந்தையின் மழலை யாழிசையோடு பொருந்தாது, காலத்தோடு கூடாது, பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தைக்கு அதன்மேல் அருள் பிறக்கும். என் சொல்லும் உன்னிடம் அப்படித்தான் என்கிறார். வாரி வழங்கிய அரசனின் கொடையை அங்கே அவர் பேசவில்லை, அவன் செவியைப் பேசுகிறார். இருபது ஆண்டுகள் இந்தப் பாட்டை வகுப்பில் மேற்கோள் காட்டியவன்தான், கைக்குப் பின்னால் வந்த சொற்களுக்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தேன்.

வீட்டிலும் என் வழக்கம் இதுதான். தூக்கம் வரவில்லை என்று மனைவி தொடங்கினால், பகலில் படுக்காதே என்று முடித்துவிடுவேன். இப்போது அவர் பேசும்போது பதில் ஏதாவது நாக்கு நுனிக்கு வந்தால், டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன். நேற்று பேச்சின் நடுவே நிறுத்தி, "இன்னிக்கு இது மூணாவது டம்ளருங்க" என்றார். நான் நாலாவதை ஊற்றிக்கொண்டேன்.