நைஸ் என்றால் நல்லது என்று யார் சொன்னது?

மொழிபெயர்ப்பில் இறங்கிய புதிதில் ஒரு சட்டக் கட்டுரை என் கைக்கு வந்தது. அதில் 'எ நைஸ் பாயின்ட் ஆஃப் லா' என்று ஒரு தொடர். யோசிக்கவே இல்லை, 'சட்டத்தின் அருமையான அம்சம்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்த்தவர் அதைச் சிவப்பில் சுழித்து 'நுட்பமான சட்டச் சிக்கல்' என்று திருத்தியிருந்தார். அருமை எங்கே, சிக்கல் எங்கே! நாலு எழுத்துச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவதா என்ற திமிர்தான் காரணம்.

அன்றைக்குப் புரட்டிப் பார்த்தபோதுதான் இந்தச் சொல்லின் பூர்வீகம் தெரிந்தது. லத்தீனில் 'நெஸ்கியஸ்' என்றால் ஒன்றும் அறியாதவன். அறிதலைக் குறிக்கும் 'ஸ்கீரே'க்கு முன்னால் ஒரு 'இல்லை'யைச் சேர்த்து உண்டான சொல். அதே ஸ்கீரேயிலிருந்து வந்ததுதான் சயின்ஸும். பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது நைஸ் என்றால் முட்டாள், அவ்வளவுதான். அப்புறம் அற்ப விஷயத்துக்கும் அலட்டிக்கொள்பவரைக் குறித்தது. அலட்டல் மெல்ல நுணுக்கமாகி, 16ஆம் நூற்றாண்டில் நுட்பம், துல்லியம் என்ற பொருள் வந்தது. என்னைக் கவிழ்த்தது அதுதான். 'இனிமையான' என்ற பொருள் பரவியது 18ஆம் நூற்றாண்டில்.

'சில்லி' (silly) நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் அது பேறு பெற்றவரைக் குறித்தது. பிறகு அப்பாவி, பரிதாபத்துக்குரியவர் என்று படிப்படியாக இறங்கி, இன்று அசடு. நமக்கு இது புதிதல்ல. வள்ளுவர் மொட்டுக்குள் இருக்கும் நாற்றம் என்று பாடினார். இன்று ஒரு பூவை நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள்.

நைஸ் தேய்ந்த சொல், எழுத்தில் தவிர்க்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். இந்தப் புகார் பழையது. 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபி' நாவலிலேயே ஒரு பாத்திரம் இதைக் கிண்டல் செய்கிறது. எனக்கு அந்தக் கோபம் இல்லை. சும்மா ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டிய தருணங்கள் எல்லோருக்கும் உண்டு. நீங்கள் எழுதிய கவிதையைக் காட்டும்போது நான் சொல்லும் 'நைஸ்' அந்த வகைதான், மன்னிக்கவும்.

எனக்குக் கோபம் வருவது ஒத்த பொருள் சொற்களின் பட்டியல்கள் மேல். நைஸுக்கு நேரே ப்ளெசன்ட், கைண்ட், லவ்லி, ஃபைன், பொலைட் என்று வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். எதை எடுத்துப் போட்டாலும் பொருந்தும் என்று படிக்கிறவர் நினைப்பார். நைஸான மனிதரைக் கைண்ட் எனலாம். நைஸான வானிலையைக் கைண்ட் என்று சொன்னால் விழிப்பார்கள். தமிழிலும் அதே கதைதான். மனிதர் என்றால் நல்லவர், வானிலை என்றால் இதமானது, வேறுபாடு என்றால் நுட்பமானது. 'நைஸ் மெஸ்' என்று வந்தால் 'நல்லா மாட்டிக்கிட்டோம்' என்பதில் வரும் குத்தலான 'நல்லா'தான் சரி. பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்க்காமல் எந்தப் பட்டியலும் உதவாது.

இதைவிட வேடிக்கை, நாம் இந்தச் சொல்லை என்ன செய்திருக்கிறோம் என்பது. பொடியை நைசாக அரைக்கிறோம், கூட்டத்திலிருந்து நைசாக நழுவுகிறோம், காரியம் ஆக வேண்டுமென்றால் நைஸ் பண்ணுகிறோம். இதில் எதற்கும் ஆங்கிலத்தில் நைஸ் என்று போட முடியாது. ஏற்கெனவே நம்மிடம் 'நயம்' இருந்தும் பக்கத்திலேயே 'நைசு'க்கும் ஓர் இடம் கொடுத்து, வேலையையும் பிரித்துவிட்டோம். ஒருவர் நயமாகப் பேசினார் என்றால் அது பாராட்டு. நைசாகப் பேசினார் என்றால் பர்ஸ் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.