நொண்டத் தொடங்கிய பிறகு பாலிசி தேடாதீர்கள்

நாய்க்குக் காப்பீடா என்று சிரிப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பாலிசி எடுத்துவிட்டு, அதில் எதற்கெல்லாம் பணம் கிடைக்காது என்று எழுதியிருக்கும் பக்கத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காதவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

பெரும்பாலான பாலிசிகளில் மருத்துவமனைக்கு முழுப் பணத்தையும் முதலில் நாம்தான் கட்ட வேண்டும். பில்லை அனுப்பிய பிறகு ஒரு பகுதி திரும்ப வரும். ஆகவே பாலிசி இருந்தாலும் நள்ளிரவு அவசரத்துக்குக் கையில் பணம் வேண்டும். விளம்பரத்தில் 80 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பில் 100, நாம் ஏற்க வேண்டிய டிடக்டபிள் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 20ஐக் கழித்துவிட்டு மீதியில் 80 சதவீதம் தந்தால் 64 வரும். சதவீதத்தைப் போட்டுவிட்டு 20ஐக் கழித்தால் 60தான். எந்தக் கணக்கு என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது அதுவல்ல, 'ஏற்கெனவே இருந்த நோய்' என்ற விதி. குட்டி ஒரு நாள் பின்னங்காலைத் தூக்கியபடி நடக்கிறது. மருத்துவர் தடவிப் பார்த்து, 'வலது பின்னங்கால், லேசான நொண்டல்' என்று ஒரு வரி எழுதி, ஓய்வு கொடுக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அதன் பிறகு பாலிசி எடுக்கிறீர்கள். பின்னொரு நாள் அந்த முழங்கால் ஜவ்வு கிழிந்தால், கிளெய்மை மறுக்க அந்த ஒரு வரி போதும். பல பாலிசிகளில் இடது முழங்காலும் சேர்ந்தே போய்விடும். ஒரு பக்கத்தில் வந்தது மறுபக்கத்துக்கும் கணக்கு. இதற்கு மேல், பாலிசி எடுத்த புதிதில் வரும் நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் வேறு. எடுப்பதாக இருந்தால் குட்டி வீட்டுக்கு வந்த கையோடு எடுத்துவிட வேண்டும்.

தடுப்பூசி, கருத்தடை, உண்ணி மருந்து போன்றவற்றுக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது. அதற்காக அவற்றைத் தள்ளிப்போடுவது வீண் சிக்கனம். நாய்க்குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும் ஊசிகளை 16 வாரம்வரை விடாமல் போட வேண்டும். அந்த ஊசிகள் தடுக்கும் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் நாள்கணக்கில் சலைன் ஏற்றிப் போராட வேண்டியிருக்கும். ஊசி போடாத நாய்க்கு வந்த பார்வோ என்றால் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்துவிடலாம்.

செலவுக்குப் பயந்து கைவைத்தியம் பார்ப்பவர்களைக் கண்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. நமக்குக் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஆண் பூனை மணல் தட்டில் ஏறி இறங்கி, முக்கி, சொட்டுச் சிறுநீரும் வராமல் தவிக்கும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் புகட்டுவார்கள். அது சிறுநீர்க் குழாய் அடைப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

வயதான பிராணிக்குப் புதிதாகப் பாலிசி கிடைப்பது கடினம்; கிடைத்தாலும் பிரீமியம் எகிறும். அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவைப்பதே மேல் என்பது என் கட்சி. செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதித் தரச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன், "இதன் முடிவைப் பொறுத்து சிகிச்சை மாறுமா, டாக்டர்?" என்று கேளுங்கள். மாறாது என்றால் அதைத் தவிர்க்கலாமா என்றும் கேட்கலாம். நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்.