டெல்டாய்டு மட்டும் போதாதுங்க

கையைப் பக்கவாட்டில் தூக்குவது டெல்டாய்டு (தோளை மூடியிருக்கும் தசை) என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. உடற்கூறியல் தேர்வில் அப்படி எழுதினால் பாதி மார்க்தான். முதல் 15 டிகிரியைத் தொடங்கி வைப்பது சுப்ராஸ்பைனேட்டஸ், தோள்பட்டை எலும்பின் மேல்பகுதியில் இருக்கும் சிறு தசை. அப்புறம் 90 வரை டெல்டாய்டு. அதற்கு மேலே போகத் தோள்பட்டை எலும்பே திரும்ப வேண்டும். அது டிரப்பீசியஸும் (கழுத்திலிருந்து மேல்முதுகு வரை பரந்த தசை) செரேட்டஸ் ஆன்டீரியரும் (விலாவிலிருந்து தோள்பட்டை எலும்புக்குப் போகும் தசை) சேர்ந்து செய்கிற வேலை.

எனக்கு இது மனதில் பதிந்தது ஈரோட்டில், மஞ்சள் மூட்டை சுமக்கும் ஓர் அண்ணனைப் பார்த்துத்தான். "பரண்ல இருக்கற போசியக் கூட எட்டி எடுக்க முடியலீங்க" என்றார். சுவரில் கையூன்றித் தள்ளச் சொன்னால், வலது தோள்பட்டை எலும்பு இறக்கை மாதிரி புடைத்து நின்றது. செரேட்டஸுக்குப் போகும் லாங் தொராசிக் நரம்பு (கழுத்துத் தண்டுவடத்தின் சி5 முதல் சி7 வரையிலான நரம்பு வேர்களிலிருந்து வருவது) பாதிக்கப்பட்டால் இப்படித்தான் ஆகும். தோளில் கனம் சுமப்பதும் அதற்கு ஒரு காரணம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கட்டாயம் கேட்பார்கள், தம்பிகளா.